ஒரிஜினல் டூப்ளிகேட்

புல்லட் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் ஓட்டுரிமை உண்டு. ஓட்டுகிற உரிமைதான் எவருக்கும் இலேசில் வாய்ப்பதில்லை. எங்கள் காப்பிக் கொட்டகையில் நிற்பது 1971-ஆம் வருஷத்து வண்டி. கம்பெனி வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. மட்கார்டை வெட்டி, சீட்டைக் குறைத்து, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி ‘ஆல்டர்’ பண்ணிவிட வேண்டும் என்பது மகன் கட்சி. இரண்டு பேருக்கும் டெபாசிட் தேறாது என்று நம்புகிறவர் என் மனைவி. அவர் நிறுத்தியிருக்கும் வேட்பாளர் காயலான் கடைக்காரர். “இரும்பு கிலோ என்ன வெலைன்னு விசாரிச்சு வச்சிருக்கேன்” என்று சாம்பார் ஊற்றும்போது சொல்வார். மாமியார் நடுநிலை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் மழைநாளில் துணி காயப்போட ஹேண்டில்பார் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக வளைந்து வளைந்து ஏறினால், நாலாயிரம் அடிக்கு மேலே, காப்பியும் மிளகும் மலைவாழையுமாக எங்கள் தாண்டிக்குடி. முருகன் இங்கிருந்துதான் பழனிக்கு ஒரே தாண்டாகத் தாண்டினார் என்று எங்கள் பாலமுருகன் கோயில் தல வரலாறு சொல்கிறது. கொடுத்துவைத்தவர். மயிலுக்குக் கிக்கர் கிடையாது.

வண்டி பிள்ளையில்லாத பெரியப்பாவுடையது. சொத்து பிரிந்தபோது அண்ணன்மாருக்கு மேல்காடும் கீழ்காடும் போயின. எனக்குப் பாறைக்காடு, அதன் குறையை ஈடுகட்டப் புல்லட். பாறைக்காட்டிலாவது சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு மிளகு ஏறுகிறது. புல்லட் என்னைப் பிடித்துக்கொண்டு ஏறியது வேறு மாதிரி.

பெரியப்பா அதை ஊர் சுற்ற வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ரோடு போகாத தோட்டங்களிலிருந்து மூட்டை இறக்க இன்றைக்கும் பல இடங்களில் குதிரைதான். குதிரைக்குக் கொள்ளு, புல்லட்டுக்குப் பெட்ரோல் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, குதிரை உட்கார்ந்து தின்கிறது என்று தீர்ப்பு எழுதியவர் அவர். வண்டி வந்த மறு வருஷமே பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஆங்கிள் இரும்பில் ஒரு கேரியர் அடித்துப் பூட்டிவிட்டார். அடித்தவர் கொழு அடிக்கிற ஆசாரி. ஐம்பது கிலோ காப்பி மூட்டை தாங்கும். மூட்டை இல்லாதபோது பெரியம்மா தாங்கினார், அதாவது அதில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டார்.

‘ஒரிஜினல்’ பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், படித்துத்தான். படிக்காதவனுக்கு இந்த நோய் வராது. புல்லட் என்ற பெயர் 1932-இல் இங்கிலாந்தில் பிறந்தது, நமக்குப் பழக்கமான உருவம் 1949 வாக்கில் வந்தது, மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் அதைத் தருவித்து விற்றார்கள், எல்லைக் காவலுக்கு நம் இராணுவம் கேட்டது, 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின என்று ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். திருவொற்றியூரில் முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். அறுபதுகளின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்வதாயிற்று. இங்கிலாந்தில் 1970-இல் கடையைச் சாத்தினார்கள். 1977-இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சம்பந்தி வீட்டுக்கே சீர் திரும்பிப் போன கதை. இப்போது அங்கே ரெட்டிட்ச் வண்டியைப் புதுப்பிக்கிற துரைமார் பலர் நம்நாட்டு உதிரிபாகங்களைத்தான் வாங்கிப் பூட்டுகிறார்கள். இதையெல்லாம் மனைவியிடம் உணர்ச்சியோடு சொன்னேன். “அப்ப நம்ம வண்டியையும் அவுகளுக்கே வித்துரலாமே?” என்றார்.

படித்ததிலேயே என்னைக் கவிழ்த்த விஷயம் ஒன்று உண்டு. 1955-இல் எடுத்த அச்சை ஐம்பது வருஷம் பெரிதாக மாற்றாமலே இங்கே வண்டி வார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய இரும்பு எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்ததே 2009-ஐ ஒட்டித்தான். அதனால் என்ன ஆயிற்று? அறுபதுகளின் சாமான் தொண்ணூறுகளின் வண்டியில் கொஞ்சம் ராவினால் உட்காரும். உட்காரும் என்றால் நாட்டில் இருக்கிற மெக்கானிக் சும்மா இருப்பாரா? உட்காரவைத்துவிட்டார்கள். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எந்தப் பழைய புல்லட்டும் ஒரே வருஷத்தில் பிறந்த புல்லட்டாக இல்லை.

எங்கள் மெக்கானிக் தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் வயது சொல்ல ஆரம்பித்தார்.

“முன்ஃபோர்க்கு எண்பத்தஞ்சுக்கு மேலண்ணே. கார்புரேட்டர் பின்னாடி வந்த மைக்கார்ப். ரியர் ஷாக்கு ரெண்டும் ரெண்டு வருஷம். டெயில் லைட்டு புல்லட்டே கெடையாது, ஜாவா.”

“1971 எதுதான் இருக்கு?”

“சேஸு, எஞ்சின் கேஸு, டேங்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கேரியர் எப்ப அடிச்சதுண்ணே?” என்றார்.

1972 என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. எந்தக் கம்பெனியிலிருந்தும் வராத ஒரே சாமான், வண்டியில் இருக்கிற முக்கால்வாசிச் சாமான்களைவிட மூத்தது. நான் முதல் வேலையாகக் கழற்றி எறிய நினைத்திருந்தது அதைத்தான்.

எஞ்சினைப் பிரித்தபோது இன்னொரு இரகசியம் வெளியே வந்தது. புத்தகப்படி சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கணக்குப் போட்டால் 346 சி.சி. பெரியப்பா காலத்திலேயே இரண்டு முறை போர் பண்ணி ‘நாற்பது’ ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தார்கள். விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடி, எஞ்சின் 356 சி.சி.க்கு வந்துவிட்டது. சர்டிபிகேட்டில் ஓர் அளவு, இடுப்பில் ஓர் அளவு என்பது வண்டிக்கும் எனக்கும் பொது என்று தெரிந்ததும் அதன் மேல் பாசம்தான் கூடியது. பத்து சி.சி.யைத் திரும்ப ஒல்லியாக்க வேண்டுமானால் சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் அடிக்க வேண்டும். என்னை ஒல்லியாக்குவதைவிட அது மலிவு என்று வீட்டில் கருத்து.

எங்கள் ஊரில் பழைய பொருளைக் கையாள்வதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இந்த மலைமேட்டில் கிடக்கின்றன. தொல்லியல் அறிஞர் கா. ராஜன் குழுவினர் இங்கே அகழாய்வு செய்திருக்கிறார்கள். தோண்டியெடுத்த ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று எழுதிவைத்துக்கொள்வது அவர்கள் முறை. அதே முறையில் நானும் இறங்கினேன். கழற்றிய நட்டு போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, ‘முன்சக்கரம்’, ‘கியர் பாக்ஸ்’, ‘கிளட்ச்’ என்று சீட்டு எழுதி ஒட்டி, கொட்டகைத் திண்ணையில் வரிசையாக அடுக்கினேன். பார்க்கவே கண்காட்சியாக இருந்தது. நார்த்தங்காய் சீசன் வந்தது. மாமியாருக்குப் பாட்டில் தேவைப்பட்டது. அவர் சிக்கனக்காரர்; இரும்பு எல்லாவற்றையும் ஒரு பழைய எண்ணெய் டின்னில் கொட்டிவிட்டு, பாட்டில்களை வெந்நீரில் கழுவி, ஊறுகாயை நிரப்பிவிட்டார். சீட்டைக் கிழிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்கத் தயிர்சாதத்துக்கு நாங்கள் கியர் பாக்ஸ் தொட்டுக்கொண்டோம்.

“எல்லாம் இரும்புதானே மாப்ள, கலந்தா என்ன கெட்டா போயிரும்?” என்றார். மெக்கானிக் தம்பி டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, தன் தொழிலில் முதல் தடவையாக ஒரு நாள் லீவு போட்டார்.

சாமான் தேடுகிற படலம் தனி. சென்னையில் புதுப்பேட்டை, டில்லியில் கரோல்பாக் என்று புல்லட் பக்தர்களுக்குத் திருத்தலங்கள் இருக்கின்றன. போய்வர வசதியில்லாத என் போன்றவர்களுக்கு ஃபோனும் பார்சல் சர்வீஸும். எனக்கு வேண்டியது இடப்பக்க டூல் பாக்ஸ் மூடி. பெரியப்பா அதை எங்கோ வளைவில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு நகரத்துக் கடைக்காரரிடம் கேட்டேன்.

“ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் வேணுமா சார்?”

“ஒரிஜினல்.”

“ஒரிஜினல்லயே ஒரிஜினல் ஒரிஜினல் இருக்கு, ஒரிஜினல் டூப்ளிகேட் இருக்கு.”

ஒரிஜினல் டூப்ளிகேட் என்பது கம்பெனிக்காரர் செய்யாதது, ஆனால் கம்பெனிக்காரர் செய்தது மாதிரியே தெரிவது. வெறும் டூப்ளிகேட் என்பது எந்த மாதிரியும் தெரியாதது. ஒரிஜினல் ஒரிஜினல் என்பது விலை கேட்டால் தெரிவது. நான் நடுவழியைத் தேர்ந்தேன். மூடி வந்தது. பளபளவென்று இருந்தது. நடுவில் ‘ஒரிஜினல்’ என்று தங்கநிற ஸ்டிக்கர். பெட்டியின் வாய் ஒரு வடிவம், மூடி ஒரு வடிவம். திருப்பி அனுப்பலாம் என்றால் பார்சல் செலவு மூடியின் விலையைத் தாண்டியது. இப்போது என் மனைவி அதன்மேல் சூடான பாத்திரம் வைக்கிறார். அந்த வேலைக்கு அது கச்சிதம்.

மகன் சும்மா இல்லை. கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படிக்கிறவன். லீவுக்கு வரும்போதெல்லாம் ஃபோனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவான். பின்மட்கார்ட் இல்லாத புல்லட், சீட் பாதியில் நின்றுபோன புல்லட், டயர் மட்டும் பெருத்த புல்லட். “கஃபே ரேசர்ப்பா. செமயா இருக்கும்.”

கஃபே ரேசர் என்றால் என்ன என்று அவன் சொன்னதையும் நான் படித்ததையும் கூட்டிச் சொல்கிறேன். ஐம்பது அறுபதுகளில் இலண்டனில் ஏஸ் கஃபே என்ற கடையில் இளவட்டங்கள் கூடும். கடையிலிருந்து கிளம்பி ஒரு சுற்று விரட்டிவிட்டு வருவார்கள். அந்த விரட்டலுக்காக ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, டேங்கின் மேல் படுத்தபடி ஓட்டுவார்கள். கடைக்குப் போகிறவர்கள் எதற்கு இவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் டீக்கடைக்கு அப்படி யாரும் விரைவதில்லை. காப்பி விளைகிற ஊரில் டீ குடிக்கப் போகிறோம் என்ற கூச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தாண்டிக்குடிப் பாதையில் நெஞ்சை டேங்கின்மேல் வைத்துக்கொண்டு ஓட்டினால் எதிரே வருகிற பஸ்ஸின் முகம் தெரியாது, டயர்தான் தெரியும். அப்புறம் துணி காயப்போட ஹேண்டில்பார் எட்டாது என்று மாமியாரும் ஆட்சேபித்தார். நடுநிலை அன்றோடு முடிந்தது.

ஆனாலும் அவன் ஒரு நாள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. “கம்பெனிக்காரனே அறுபதுகள்ல இங்கிலாந்துல கஃபே ரேசர் மாதிரி கான்டினென்டல் ஜி.டி.ன்னு ஒண்ணு போட்டான்ப்பா. பசங்க வெட்டி ஒட்டுனதப் பாத்துக் காப்பியடிச்சான். அப்ப அது ஆல்டரா, ஒரிஜினலா?” அதே கம்பெனி 2009-இல் கிளாசிக் என்று புது வண்டியைப் போட்டது, நாற்பதுகளின் கடைசியில் வந்த வண்டியின் சாயலில். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். புதுசை வாங்கிப் பழசுபோலத் தெரியவேண்டும் என்று ஒரு கூட்டம். பழசை வாங்கிப் புதுசாக்க வேண்டும் என்று என் போல் ஒரு கூட்டம். பழசை வெட்டி, புதுசும் இல்லாமல் பழசும் இல்லாமல் ஆக்க இன்னொரு கூட்டம். மூன்று கூட்டத்துக்கும் மிச்சமாவது சர்வீஸ் ஷெட்டில் கிடைக்கிற பால் கலக்காத டீதான்.

வாதத்தில் தோற்கிறவன் சட்டத்தைத் தூக்குவான். நானும் தூக்கினேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்கில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி, மட்கார்டை எவனும் தொடக்கூடாது என்ற தொனியில் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

மகன் படித்துப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். “அப்ப பெரிய தாத்தாவோட கேரியரு?”

அடுத்த லீவில் அவனும் ஒரு சட்டத்தோடு வந்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டி, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல உருவில் இருந்தால், ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நம்பர் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். நான் சொக்கிப்போனேன். தாண்டிக்குடியில் வி.ஏ. என்றால் வி.ஏ.ஓ.வைத்தான் தெரியும், என் வண்டியைப் பார்த்து ஊரே வழிவிடும் என்று கற்பனை ஓடியது. அவன் அடுத்த வரியைப் படித்தான். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் பார்ப்பது, இவற்றுக்கு மட்டும் எடுக்கலாம்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “இப்ப மட்டும் வேற எதுக்கு ஓடுதாம்? பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க. பேரணி ஒண்ணுதான் பாக்கி.”

பேரணியும் நடந்தது. ஒருவழியாகப் பூட்டி முடித்த அன்று, ஊர் பார்க்க வண்டியைக் களத்தில் நிறுத்தினேன். இந்த வண்டியை உதைப்பதற்கு முறை இருக்கிறது. தெரியாதவனைக் கிக்கர் திருப்பி உதைக்கும். சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் மண்டைமேல் இருக்கிற ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். இடக்கையில் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்த வேண்டும். ஓர் இடத்தில் முள் துடித்து நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கர் தானாக மேலே வரக் காத்திருந்து, அப்புறம் ஒரே மிதி. பலத்தால் மிதிக்கக்கூடாது, எடையால் மிதிக்க வேண்டும். எடை விஷயத்தில் எனக்குக் குறைவில்லை. பிடித்தது. அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தபோது மாமியார்கூட ஊறுகாய்க் கையோடு வெளியே வந்து நின்றார். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிற அந்த நிதானத்துக்காக என் சொத்துப் பங்கு மொத்தத்தையும் கொடுக்கலாம். ஏறக்குறையக் கொடுத்துவிட்டேன்.

பண்ணைக்காட்டுப் பக்கமாகக் கிளம்பினேன். இந்த வண்டிக்குக் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. தெரியும். மனப்பாடமாகத் தெரியும். காலுக்குத்தான் தெரியாது. நான் அன்றாடம் ஓட்டுகிற வண்டியில் வலக்கால் என்றால் பிரேக். இறக்கத்தில் ஒரு வளைவு வந்தது. இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தவன் பிரேக் என்று வலக்காலால் அழுத்தினேன். மூன்றாவது விழுந்தது. வேகம் கூடுகிறதே என்று இன்னும் அழுத்தினேன். நான்காவதும் விழுந்தது. முன்சக்கரத்தில் இருப்பது 6 அங்குல டிரம் பிரேக்; 160 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பையும் என்னையும் சேர்த்து இறக்கத்தில் நிறுத்துவதற்கு அதனிடம் ஆசை இருந்தது, சக்தி இல்லை. காப்பிச் செடிகள் நல்லவை. வாரி அணைத்துக்கொண்டன.

மலைவாழைத் தார் ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று பின்னால் வந்து நின்றது. “என்னண்ணே, காடு பாக்க வந்தீங்களா?” என்றார் ஓட்டிவந்தவர். தாரை இறக்கி வைத்துவிட்டு, புல்லட்டை இழுத்து ரோட்டில் விட்டு, தாரை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது கேரியரைத் தட்டிப் பார்த்தார். “இது நல்லா அடிச்சிருக்காங்கண்ணே. எங்க அடிச்சது?” வண்டியில் அவர் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. 6 வோல்ட் ஹெட்லைட் எரிகிறதா என்று இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். எரிந்தது. ஓட்டுகிறவனுக்குத் தெரியாத வெளிச்சத்தை ஒரிஜினல் என்பதற்காகக் கும்பிட முடியுமா? மகனும் மெக்கானிக் தம்பியும் அன்று சாயங்காலம் கூடிப் பேசினார்கள், என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது நிலவரம் இதுதான். கரண்ட் 12 வோல்ட். முன்பிரேக் பின்னால் வந்த 7 அங்குல டிரம். இதுவும் கம்பெனிச் சாமான்தான், வருஷம்தான் வேறு என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சேஸில் ஓர் இடம்கூட வெட்டவில்லை, மட்கார்ட் முழுசாக இருக்கிறது, சைலென்சர் நீளம் குறையவில்லை. மகனுக்கு டெயில் லைட் விட்டுக்கொடுத்தேன். அவன் ஜாவா லைட்டையே வைத்துக்கொள்ளச் சொன்னான், எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்களாம். டேங்கில் தங்கக் கோடு இழுத்தவர் எங்கள் பக்கத்துப் போர்டு ஆர்ட்டிஸ்ட். அணில் முடி பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பு. இடப்பக்கம் நூல் பிடித்த மாதிரி வந்தது. வலப்பக்கம் முழங்கால் படுகிற இடத்தில் ஒரு நெளிவு. அழித்து இழுக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். திருவொற்றியூரிலும் இந்தக் கோட்டைக் கையால்தான் இழுத்தார்கள். ஒரு டேங்க் மாதிரி இன்னொரு டேங்க் இருக்காது. ஆகவே வண்டியிலேயே சந்தேகமில்லாத ஒரிஜினல் அந்த நெளிவுதான் என்று தீர்மானித்து, கூலி கொடுத்தனுப்பினேன்.

கேரியர் இருக்கிறது. அதைக் கழற்றப் போன அன்றுதான் மிளகு காய்ந்து மூட்டை கட்டியிருந்தது, ஜீப்பும் வரவில்லை. மனைவிதான் சொன்னார், “அதுல ஒரு மூட்டையக் கட்டிப் பாருங்களேன்.” கட்டினேன். கயிறு போடுகிற கொக்கி, தார் சாயாமல் தடுக்கிற குறுக்குச் சட்டம், சைலென்சர் சுடாமல் ஒரு தகடு என்று அந்த ஆசாரி என்னவெல்லாம் யோசித்திருக்கிறார் என்பது மூட்டையைத் தூக்கி வைத்த பிறகுதான் தெரிகிறது. இந்த மலைக்கு எது தேவையோ அதை 1972-லேயே ஒருவர் பூட்டிவிட்டார். நானும் மகனும் ஐம்பது வருஷம் கழித்து வந்து, ஒருவன் ரெட்டிட்சுக்கும் ஒருவன் இலண்டன் கஃபேவுக்கும் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தோம்.

கண்ணாடிக் கூண்டில் நிறுத்திப் பார்க்க வசதியும் இடமும் உள்ளவர்கள் ஒரிஜினலாகவே வைத்துக்கொள்ளட்டும். அந்த வண்டிகளும் வேண்டும், அவற்றைப் பார்த்துத்தான் நமக்கு எது எப்படி இருந்தது என்று தெரியும். வளைவில் இறங்க வேண்டிய வண்டிக்குப் பிரேக்கும் வெளிச்சமும் இந்தக் காலத்தது வேண்டும். சேஸை வெட்டுவது மட்டும் கூடாது. வெட்டியதை எந்தப் புதுப்பேட்டையிலும் திரும்ப வாங்க முடியாது. மற்றபடி பழைய புல்லட் வாங்கப் போகிறவர்கள் முதலில் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஃப்.சி. உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்; 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டு மயங்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இடப்பக்க டூல் பாக்ஸ் மூடி இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, துரு இருந்தால் இன்னும் நல்லது. ‘ஒரிஜினல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் வேண்டாம். பாத்திரம் வைக்க வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.